நீங்க வைங்க

“வெச்சுரட்டுங்களா?”

“…”

“இல்லீங்க, நீங்க வைங்க. நான் அப்புறமா வெச்சுக்கறேன்.”

சொல்லிவிட்டு மகேந்திரன் ரிசீவரை இடது தோளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். கை இரண்டும் சும்மா இல்லை. மேஜைமேல் மல்லாந்து கிடக்கும் ஒரு மோடத்தின் மூடியைத் திருகிக் கழற்றுகின்றன. மறுமுனையில் இருப்பவரும் வைக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கடைசித் திருகாணியும் கழன்று மேஜையில் உருள்கிறது. “அட, நீங்க வைங்கன்னா” என்கிறார் இன்னொரு தடவை. அப்புறம் ஒரு சிரிப்பு. வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மகேந்திரன் ரிசீவரை இறக்கித் தூசு தட்டுவதுபோல் ஒரு தடவு தடவி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற நிதானத்தில் வைக்கிறார்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், ஊதுபத்திக் கடைக்கு மேலே, ஏறும்போதே முனகும் மரப்படிகளுக்கு முடிவில் என் தம்பி ஜெயகிருஷ்ணனின் கம்பெனி இருக்கிறது. கம்பெனி என்பது இரண்டு அறையும் ஒரு பால்கனியும். ஊர் ஊராகக் கிடக்கும் கம்ப்யூட்டர்களை டெலிபோன் கம்பி வழியாகப் பேச வைப்பது தொழில். வருஷத்துக்கு ஒருமுறை மஸ்கட்டிலிருந்து லீவில் வரும் நான், வந்து சேர்ந்தேன் என்று வீட்டுக்காரருக்கு மெயில் அனுப்ப அந்தப் படியில் ஏறுவேன். மெயில் போனதா, போய்ச் சேர்ந்ததா, அவர் படித்தாரா என்ற கவலை எனக்கு உடனே வந்துவிடும். ஆகவே உட்கார்ந்துவிடுவேன். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய மனிதர்தான் மகேந்திரன்.

“போயிருச்சுங்கக்கா. நீங்க காப்பி குடிங்க” என்பார், மெயில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல்.

முப்பது வயதிருக்கும். கொள்ளேகாலை அடுத்த அனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பையன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மைசூருக்கு வந்தவர். சட்டைப் பையில் டெஸ்டர், பேனா, பிளாஸ்டிக் சீப்பு. முடி நெற்றியைவிட்டு விலகிக்கொண்டிருப்பதால் மூன்றிலும் சீப்புக்குத்தான் வேலை குறைவு. காலையில் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வருகிற வழியில் கொத்துமல்லிக் கட்டு ஒன்று வாங்கிவிடுவார். அது சாயங்காலம்வரை ஆபீஸ் தண்ணீர்ப் பானைமேல் உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் ஆபீஸில் கொத்துமல்லி வாசனை அடிக்கிறதே என்று வருகிறவர்கள் கேட்டால், “ஏசி இல்லீங்களே, அதுக்குப் பதிலாத்தான்” என்று பதில்.

அவருடைய வேலையை அவரே ஒருநாள் எனக்கு விளக்கினார். எந்தச் செய்தி எந்த வழியாகப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிற பெட்டி ரவுட்டர். அதை டெலிபோன் கம்பியில் போகிற ஓசையாக மாற்றிக் கொடுக்கிற பெட்டி மோடம். “ரவுட்டரு ஆபீசருங்கக்கா. வாயே தொறக்காது. மோடம் பியூனு. ஊரக்கூட்டிக் கத்தும். ஆனா ஆபீசரு கண்ணசைக்காம பியூனு ஒரு வேல செய்யக்கூடாது, அதான் முக்கியம்.” அந்தக் கண்ணசைப்புகளை ஒழுங்கு செய்வதற்குத்தான் மகேந்திரனுக்குச் சம்பளம். மோடத்தின் முகத்தில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று இங்கிலீஷ் எழுத்தில் பெயர் உண்டு. மகேந்திரன் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்று தலையாட்டி: ரவுட்டர் ‘நான் தயார்’ என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறவரை எரியும். ரவுட்டர் தலையாட்டுவதை நிறுத்தினால் மோடம் போனை வைத்துவிட வேண்டும். இன்னொன்று மூச்சு: மறுமுனை மோடத்தின் குரல் கேட்கிறவரை எரியும். அது அணைந்தால் அந்தப் பக்கம் ஆளில்லை.

எந்த லைனானாலும் மோடத்தை மாட்டுவதற்குமுன் வெறும் ரிசீவரை எடுத்துக் கண்ணை மூடிக் கேட்பார். மழைக்காலமானால், “சளி புடிச்சிருக்குதுங்க” என்று தீர்ப்பு வரும். இரண்டு மோடங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும்போது எழுப்புகிற கீச்சொலியும் கரகரப்பும் அவருக்கு மனப்பாடம். பால்கனியில் நின்று அதை அப்படியே வாயால் எடுத்துவிடுவார். கீழே வெற்றிலைக்காரர் ஒருவர் பதிலுக்கு அடுத்த பாதியை எடுப்பார். சில சமயம் வெற்றிலைக்காரருடையதுதான் சுத்தமாக இருக்கும்.

“இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடுமாமே” என்று நான் கவலைப்பட்டதற்கு, “அதுக்கு இன்னும் ஒன்றர வருசம் கெடக்குதுங்கக்கா. நின்னா எழுப்பி உட்டுறலாம், எங்க போயிரும்?” என்றார். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

போனை முதலில் வைக்காத வழக்கத்துக்கு வருகிறேன். அது கூச்சம் அல்ல, சட்டம். அவர்கள் பக்கத்தில் போன் என்பதே புதிது. ஆனால் வழியனுப்புவது பழையது. அதையே போனுக்கும் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிட்டவர்தான் வைக்கவேண்டும். கூப்பிடப்பட்டவர் வைத்தால் வீட்டுக்கு வந்தவரைக் கிளம்பு என்று சொன்ன மாதிரி. இது ஒன்று. பெரியவர் பேசும்போது பெரியவர்தான் வைக்கவேண்டும். சின்னவர் வைத்தால் பேச்சை வெட்டிவிட்டு எழுந்துபோன மாதிரி. இது இன்னொன்று. சின்னவர் பெரியவரைக் கூப்பிட்டால் என்ன செய்வது? மகேந்திரன் வாராவாரம் அனூரில் ஒரு மளிகைக் கடை நம்பருக்குப் போன் போட்டு அப்பா கெம்பையனுடன் பேசுவார். ‘கூப்பிட்டவன் நீ, நீ வை’ என்று அப்பா. ‘பெரியவர் நீங்க, நீங்க வைங்க’ என்று மகன். பருத்தி, பம்பு செட்டு, மாட்டுக்கு வந்த காய்ச்சல் எல்லாம் பேசி முடித்தபிறகு இது மட்டும் முடியாது. கடைசியில் கடைக்காரர் கெம்பையன் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி வைப்பார்.

“கடைக்காரரு இல்லாட்டி என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“கடையில கடைக்காரரு எப்படிங்கக்கா இல்லாமப் போவாரு?”

நான் இந்த முறை வந்திருந்தபோது கொள்ளேகாலில் ஒரு பட்டு நூல் சங்கத்துக்கு லைன் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதுவரை அந்தச் சங்கத்தின் சரக்குக் கணக்கு ஃப்ளாப்பியில் ஏறி, ஃப்ளாப்பி டிபன் டப்பாவில் ஏறி, டப்பா பஸ் கண்டக்டர் கையில் மைசூர் வரும். இனிமேல் கொள்ளேகால் ரவுட்டர் தானே போன் போட்டு மைசூர் ரவுட்டருக்குக் கணக்கைச் சொல்லிவிடும். மைசூர்ப் பக்கத்து மோடம் என் தம்பி ஆபீஸ் அலமாரியில், அதற்கென்றே தனி லைனில் இருந்தது. கொள்ளேகாலில் அந்த வசதி இல்லை. சங்கத்துக்கு ஒரே லைன். மனிதர்கள் பேசுவதும் அதில்தான், மோடம் பேசுவதும் அதில்தான். ஆகவே மகேந்திரன் அங்கே சுவரில் தன் கையால் எழுதி ஒட்டிவிட்டு வந்திருந்தார், கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை: விளக்கு எரியும்போது ரிசீவரைத் தொடாதீர்கள். மோடம் ஸ்விட்சை எப்போதும் தொடாதீர்கள்.

“எழுதினா மட்டும் கேப்பாங்களாடா?” என்றான் என் தம்பி.

“நம்ம ஜனங்க கேப்பாங்கண்ணா” என்றார் மகேந்திரன் பெருமையாக.

லைன் ஓட ஆரம்பித்த மறுநாள் காலை. நான் மெயில் பார்க்கப் போயிருந்தேன். பேசுகிற போன் அடித்தது. மகேந்திரன் எடுத்தார். கொள்ளேகால் சங்கத்து கிளார்க் ஜோதிமணி, பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து. அந்தப் பெண்ணுக்கு இயல்பாகவே உரத்த குரல். பூத்தில் இன்னும் உரத்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“ஏனுங்ணா, உங்க வெளக்கு நேத்துச் சாயங்காலத்துலருந்து அணையவே இல்லீங்களே!”

“அணையலியா?”

“அணையலீங்ணா. லிங்கம்மாக்கா காத்தாலருந்து போனு முன்னாடியே உக்காந்திருக்கறாங்க. தண்ணிகூடக் குடிக்கல.”

லிங்கம்மா சங்கத்தில் நூல் சுற்றுகிறவர். அவர் மகள் மாதேவிக்குப் பிரசவம் இன்னும் இரண்டு வாரம் கழித்து என்று சொல்லியிருந்தார்களாம். முன்தினம் இரவே வலி கண்டு, மருமகன் வேன் பிடித்து மைசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரி என்பதுகூடத் தெரியாது. போய்ச் சேர்ந்ததும் சங்கத்துக்குப் போன் பண்ணுகிறேன், எங்கே வரணும் என்று சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போன பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. லிங்கம்மா விடிந்ததும் சங்கத்துக்கு வந்து, அந்தச் சிவப்பு விளக்கு எப்போது அணையும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரிசீவரைத் தொடவில்லை. மகேந்திரன் எழுதி ஒட்டியிருக்கிறாரே!

மைசூரில் எங்கேயோ ஒரு மருமகன் திரும்பத் திரும்ப அந்த நம்பரைச் சுழற்றுகிறான், திரும்பத் திரும்ப எங்கேஜ்டு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஓசையைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

மகேந்திரன் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டே அலமாரியைப் பார்த்தார். கொள்ளேகாலுக்கான மோடத்தில் மூச்சு எரிந்தது, தலையாட்டி எரிந்தது. கணக்கு போகிறபோது மினுக்குகிற விளக்கு மட்டும் செத்துக் கிடந்தது. அதாவது இரண்டு ஊரும் ஒன்றும் பேசாமல் ராத்திரி முழுவதும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. அவர் கீபோர்டில் ஏதோ தட்டினார். திரையைப் படித்தார். சீப்பு எடுத்துத் தலை வாரினார். அவர் திகைத்துப்போனால் செய்வது அது.

“அய்யய்யோ” என்றார் மெதுவாக.

“ஏனாய்த்து? என்னடா ஆச்சு?” என்று உள்ளேயிருந்து என் தம்பி எழுந்து வந்தான்.

“மைசூர்ப் பக்கத்த மொதல்ல செட்டப் பண்ணுனனுங்ணா. கொள்ளேகாலு கூப்படறான், கூப்புட்டவனே வெக்கட்டும்னு உட்டுட்டேன்.”

“சரி.”

“அப்புறம் கொள்ளேகாலுக்குப் போயி அந்தப் பக்கத்த பண்ணுனேன். மைசூரு பெரிய ஆபீசாச்சே, பெரியவங்க வெக்கட்டும்னு…”

ஜெயகிருஷ்ணன் அலமாரிப் பக்கம் திரும்பினான். “அப்போ ரெண்டும் மரியாதையா நின்னுண்டே இருக்கா?”

“ஆமாங்ணா.”

“டெஸ்ட் பண்ணினப்போ கட் ஆச்சேடா!”

“அது நான் கையில புடுங்குனனுங்.”

கடைக்காரர் இல்லாத கடை என்று எனக்குத் தோன்றியது.

மகேந்திரன் தட்டினார். மைசூர் ரவுட்டர் தலையாட்டுவதை நிறுத்தியது. தலையாட்டி அணைந்தது, மூச்சு அணைந்தது. “வெச்சாச்சு” என்று என் தம்பி கை தட்டினான். கைதட்டல் ஓய்வதற்குள் அலமாரியில் மோடம் கிணுகிணுத்தது, கீச்சிட்டது, கரகரத்தது, மூச்சு மறுபடி எரிந்தது. கொள்ளேகால் திரும்பக் கூப்பிட்டுவிட்டது.

“இது வேறயா!”

“அது வந்துங்ணா, ரெண்டு ரவுட்டரும் அப்பப்ப ‘இருக்கறயா, சௌக்கியமா’ன்னு ஒருத்தர ஒருத்தர் விசாரிச்சுக்கும். லைன் கட்டானா விசாரிக்கறதுக்காகவே மறுக்காக் கூப்படும். நாந்தான் அத நிறுத்தல.”

“ஏன் நிறுத்தலை?”

“விசாரிக்கறதுல என்ன தப்புன்னுட்டு…”

இங்கிருந்து எத்தனை தடவை வெட்டினாலும் அங்கிருந்து அத்தனை தடவை சௌக்கியம் விசாரிக்க வந்துவிடும். சங்கத்து லைன் ஓயவே ஓயாது. ஒரே வழி, அங்கே ஒரு ஆள் போய் மோடத்தின் ஸ்விட்சை அணைக்கவேண்டும். ஆள் பூத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். இத்தனை நேரமும் லைனிலேயே.

“ஜோதிமணி! ஓடிப் போயி மோடத்து ஸ்விட்ச அணச்சுரும்மா.”

“ஸ்விட்ச்சவா? தொடவே கூடாதுன்னு எழுதியிருக்கறீங்களேண்ணா!”

“எழுதுனவன்தான் சொல்றேன், அணை. எல்லாத்தையும் அணை.”

“கெட்டுப்போயிராதுங்களா?”

“போனாப் போகுது, நான் வந்து பாத்துக்கறேன். ஓடு.”

“செரிங்ணா. லிங்கம்மாக்காகிட்ட என்ன சொல்லட்டும்?”

“வெளக்கு அணஞ்சா போனு வரும்னு சொல்லு.”

“செரிங்ணா… அப்ப வெச்சுரட்டுங்களா?”

“வை வை.”

“நீங்க வைங்ணா.”

கூப்பிட்டவள் அவள். பெரியவர் இவர். இரண்டு சட்டமும் நேருக்கு நேராக வந்து நின்றுவிட்டன. ரிசீவரில் பஸ் ஹாரன் கேட்டது. ஜோதிமணி வைக்கவில்லை. பூத்தைவிட்டு நகரவும் இல்லை. அண்ணன் வைக்காமல் எப்படி வைப்பது? மகேந்திரனின் வாய் பழக்கத்தில் “இல்லம்மா, நீ…” என்று ஆரம்பித்துவிட்டது. அலமாரியில் மூச்சு விளக்கு திடமாக எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

டொக்.

வைத்துவிட்டார். சொல்லிக்கொள்ளாமல், பாதிப் பேச்சில். என் தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஆறு வருஷமாக அவரிடம் அவன் பார்க்காத காரியம். மகேந்திரனின் கை ரிசீவர் மேலேயே இருந்தது, இடித்துக்கொண்ட பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

“என்ன நெனச்சிருக்குமோ அந்தப் புள்ள” என்றார்.

பூத்திலிருந்து சங்கம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஓடினால் சீக்கிரம், செருப்பு அறுந்தால் தாமதம் என்றார். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே பூக்காரர்கள் முழம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். வெற்றிலைக்காரர் எதற்கோ மோடம் மாதிரி ஒரு கீச்சுக் கொடுத்தார். மகேந்திரன் பதில் கொடுக்கவில்லை.

மூச்சு அணைந்தது.

மோடம் மறுபடி கிணுகிணுக்குமோ என்று காத்திருந்தோம். கிணுகிணுக்கவில்லை. ஆனால் அதற்குப்பின் எதுவுமே இல்லை. லைன் காலியாகிவிட்டது, சரி. அந்த மருமகன் சலித்துப்போய் முயற்சியை விட்டிருந்தால்? நல்ல செய்தி இல்லாததால் விட்டிருந்தால்? நான் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி ஒவ்வொன்றாக யோசிப்பதைப் பார்த்த மகேந்திரன், “குடிங்கக்கா, ஆறிரும்” என்றார். அவருடைய டம்ளரும் ஆறிப்போய்த்தான் இருந்தது. ஆடை கட்டியிருந்தது.

பேசுகிற போன் அடித்தது.

முதலில் வந்தது ஜோதிமணி இல்லை, ஒரு சிரிப்பு. அதற்குப் பின்னால்தான் ஜோதிமணி. “பொம்பளப் புள்ளீங்ணா! காத்தால வெள்ளென பொறந்துருச்சாம். ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாம். அந்த மாப்பள கைவிரல் தேயத் தேயச் சுத்துனாராம், என்றகிட்ட ஒரு சண்ட! சங்கத்துல அப்படி யாருகிட்டத்தான் விடிய விடியப் பேசறீங்கன்னு கேக்கறாரு!”

“என்ன சொன்ன?”

“மைசூருகாரங்கிட்டன்னேன்.”

மகேந்திரன் சிரித்தார். சீப்பு பையிலிருந்து வெளியே வரவில்லை. “ஏம்மா ஜோதிமணி, அப்பப் பட்டுனு வெச்சுட்டேன், மனசுல வெச்சுக்காத.”

“அய்ய, லைனு கட்டாயிருச்சுன்னுதான் நெனச்சேன். நீங்களா வெச்சீங்க?” அவள் நம்பவில்லை. “இருங்ணா, லிங்கம்மாக்கா பேசோணுமாம்.”

லிங்கம்மாவின் குரல் மெல்லியது, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மகேந்திரன் பக்கத்துப் பேச்சுதான் கேட்டது. ஆமாங்க. பஸ்ஸு இப்ப இருக்குதுங்க, அதுலயே வந்துருங்க. வார்டு நெம்பரு எழுதிக்கிட்டீங்களா. நாங்களும் வந்து பாக்கறோமுங்க. மன்னிக்கோணும்மா, என்ற தப்புதான். அதெல்லாம் இல்லீங்க, நீங்க தொட்டிருக்கலாம், எழுதியிருந்தா என்னங்க, தொட்டிருக்கலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தம்பி ரவுட்டரைக் கைகாட்டி, “முதல்ல அதைச் சரி பண்ணு” என்று வாயசைத்தான். மகேந்திரன் தலையாட்டிவிட்டு ரிசீவரைத் தோளில் இடுக்கினார். வலது கையால் கீபோர்டை இழுத்துக்கொண்டார். சௌக்கிய விசாரிப்பைப் பேச்சாகக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு வரி. கணக்கு போகாமல் இரண்டு நிமிஷம் சும்மா இருந்தால், மறுமுனையில் யாராக இருந்தாலும் நீயே வைத்துவிடு என்று இன்னொரு வரி. கொள்ளேகால் பெட்டிக்கு இதையே நேரில் போய்த்தான் தட்டவேண்டும்.

“செரிங்கம்மா, பஸ்ஸு வந்துரும், வெச்சுருங்க” என்றார் தட்டிக்கொண்டே.

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

“இல்லீங்கம்மா, நீங்க வைங்க.”

என்டரைத் தட்டிவிட்டு, ரிசீவரை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிக்கொண்டார்.